பனிச் சாலையும் விளையாட்டுத் திடலும்
(கனடாவின் கிராம நகராட்சிகளிடம் நாம் கற்க வேண்டிய சில பாடங்கள்)

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், நீங்கள் ரயில்வேயில் சிவில் பக்கம் இருந்தவர். உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்" என்றார். அவருடைய மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் மானிட்டோபா மாகாணத்தில் வேலை பார்க்கிறார்கள். இப்போது வின்னிபெக் நகரில் வாடகைக்கு இருக்கிறார்கள். நகருக்கு வெளியே ஒரு கிராம நகராட்சிக்குள் வீடு வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஆறு வயதுப் பேத்திக்குக் கால்களில் வலு இல்லை. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். மகள் தொலைபேசியில், "அப்பா, வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பனி கொட்டினால் ரோடு திறக்குமா? இவள் விளையாட ஒரு இடம் இருக்குமா? யாரைப் போய்க் கேட்பது?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று எனக்குப் பாதிப் பதில்தான் தெரிந்தது. மீதியைப் படித்தும், அங்கே வேலை செய்யும் நண்பர்களிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். நம் குடும்பங்களில் பலவற்றில் ஒரு பிள்ளையாவது பனி நாட்டில் இருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது இது கனடாவைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல என்பது விளங்கும்.

1. கிராம நகராட்சி என்பது என்ன?

நம் ஊரில் கிராமம் என்றால் பஞ்சாயத்து, ஊர் என்றால் நகராட்சி. கனடாவின் சமவெளி மாகாணங்களான மானிட்டோபாவிலும் சஸ்காச்சுவானிலும் 'கிராம நகராட்சி' என்றே ஓர் அமைப்பு உண்டு. பரந்த விளைநிலங்கள், இடையிடையே சிறு குடியிருப்புகள், இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரு மன்றம். அதன் தலைவருக்கு 'ரீவ்' என்று பெயர். தலைவரையும் உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டு வரியும் நில வரியும்தான் முக்கிய வருமானம். சாலை, வடிகால், குப்பை, பூங்கா ஆகியவை முக்கியச் செலவுகள். மானிட்டோபாவில் மிகச் சிறிய நகராட்சிகள் செலவைத் தாங்க முடியாமல் திணறியதால் 2015-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி பலவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள்.

அங்கே நிலத்தை அளந்த விதம் நம் சர்வேயர்களுக்குப் பிடிக்கும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம். அதற்குள் ஒவ்வொரு சதுர மைலாக 36 பிரிவுகள். சாலைகளும் அந்தக் கட்டங்களின் ஓரமாகவே வில்லில் தொடுத்த நாண் போல நேராக ஓடுகின்றன. மேற்குப் பகுதியில் சாலைக்கென ஒதுக்கிய அகலம் 66 அடி, அதாவது நாம் பாலிடெக்னிக்கில் இழுத்துப் பழகிய சங்கிலி ஒன்றின் நீளம். இப்படிப்பட்ட சாலைகளில் பெரும்பாலானவை தார் போடாத சரளைச் சாலைகள்.

இங்கே முதல் பாடம்: வீட்டு வாசலில் இருப்பது மாகாண நெடுஞ்சாலையா, நகராட்சிச் சாலையா என்று முதலில் கேட்க வேண்டும். மாகாணச் சாலையில் பனியை அகற்றுவது மாகாண அரசு. மற்றதை அகற்றுவது கிராம நகராட்சி. இரண்டுக்கும் வண்டி வேறு, வரிசை வேறு, நேரமும் வேறு.

2. நிற்கும் தூரம் - ஒரு சிறு கணக்கு

வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 16 டிகிரி. இரவில் 30 டிகிரிக்கும் கீழே இறங்குவது அங்கே அபூர்வமல்ல. இந்தக் குளிரில் வண்டி ஓட்டுவதன் அபாயத்தை வார்த்தையில் சொல்வதைவிடக் கணக்கில் காட்டுவது எளிது.

பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக்கு எதிர்விகிதமானது. உராய்வு எண் உலர்ந்த தார்ச் சாலையில் சுமார் 0.7, இறுகிய பனியில் சுமார் 0.2, பனிக்கட்டியில் சுமார் 0.1 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் போட்டபின்,

உலர்ந்த சாலையில் 14 மீட்டரில் நிற்கும்.
இறுகிய பனியில் 49 மீட்டர் ஓடும்.
பனிக்கட்டியில் 98 மீட்டர் ஓடும்.

ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்துக் காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்றால் அதற்குள் வண்டி மேலும் 21 மீட்டர் ஓடிவிடும். ஆக, பனிக்கட்டியில் மொத்தம் 119 மீட்டர். வேகத்தை 30-ஆகக் குறைத்தால் இதே மொத்தத் தூரம் சுமார் 48 மீட்டராகிறது. வேகத்தைப் பாதியாகக் கூடக் குறைக்கவில்லை. தூரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பனிக்காலத்தில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் மிகவும் ஏமாற்றுவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம். அதை 'பிளாக் ஐஸ்' என்கிறார்கள். உண்மையில் அதற்குக் கறுப்பு நிறமில்லை. கண்ணாடி போலிருப்பதால் கீழே உள்ள தார் தெரிகிறது. ஈரச் சாலை என்று நினைத்து வருபவர் ஏமாந்துபோகிறார். பாலங்களின் மேல் இது முதலில் உருவாகும். மண்ணின் சூடு அடியில் இல்லாததால், பாலம் மேலும் கீழும் ஒருசேரக் குளிர்ந்துவிடுகிறது.

டயரும் முக்கியம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயர் மிருதுவாகவே இருக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இதைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருக்கிறார்கள். சட்டம் கேட்காத மாகாணத்திலும் இயற்பியல் கேட்கும்.

3. உப்பும் மணலும்

சாலையில் உப்புத் தூவினால் பனி உருகும் என்பது பலருக்குத் தெரியும். எவ்வளவு குளிர் வரை என்பது பலருக்குத் தெரியாது. சோதனைச் சாலையில், சரியான விகிதத்தில் கலந்த உப்பு நீர் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை உறையாது. ஆனால் திறந்த சாலையில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி ஆனதுமே சாதாரண உப்பு சோர்ந்துவிடுகிறது. அவ்வளவு மெதுவாக உருக்குகிறது. கால்சியம் குளோரைடு இன்னும் கடுங்குளிரைத் தாங்கும், விலை அதிகம். சரளைச் சாலையில் உப்பைப் போடுவது வேறு தொல்லை: சாலையே இளகிச் சேறாகிவிடும்.

ஆகவே சமவெளியின் கடுங்குளிரில் மணலையும் பொடிச் சரளையையும் நம்புகிறார்கள். மணல் பனியை உருக்குவதில்லை. டயருக்குப் பிடி கொடுக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ரயில் எஞ்சின்களில் மணல் பெட்டி இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மழையில் தண்டவாளம் வழுக்கினால், சக்கரத்துக்கு முன் மணலைத் தூவித்தான் ஏற்றத்தில் வண்டியை இழுப்பார்கள்.

எவ்வளவு நேரத்தில் பனியை அகற்றுவார்கள்? ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு எழுதி வைத்த அளவு உண்டு. போக்குவரத்தையும் வேகத்தையும் பார்த்துச் சாலைகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பனி விழுந்து நின்ற பிறகு, முதல் வகுப்புச் சாலையில் 4 மணி நேரத்துக்குள் பனியின் உயரத்தை 2.5 சென்டிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் 12 மணி நேரம், 8 சென்டிமீட்டர். ஐந்தாம் வகுப்பில் 24 மணி நேரம், 10 சென்டிமீட்டர். கிராமத்துச் சிறு சாலைகள் இந்தக் கடைசி வகுப்புகளில்தான் வரும். நடைபாதைக்கு 48 மணி நேரம், 8 சென்டிமீட்டர்.

அந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள். காரில் போகிறவருக்கு 4 மணி நேரம்; நடந்து போகிறவருக்கும் சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் 48 மணி நேரம். அதுவும் 8 சென்டிமீட்டர் பனி மீதமிருக்கலாம். சக்கர நாற்காலியின் சிறிய முன் சக்கரம் அந்த ஆழத்தில் உருளாது, புதைந்துபோகும். இது ஒன்டாரியோவின் குறை என்று நான் சொல்லவில்லை. குறைந்தபட்ச அளவையாவது எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் ஒருவர் அதைக் காட்டி, 'இது போதாது' என்று கேட்க முடிகிறது.

4. காற்றும் வேலியும்

சமவெளியில் வானிலிருந்து விழும் பனியைவிடத் தரையில் காற்று அடித்துக்கொண்டு வரும் பனிதான் அதிகம் சாலையை மூடுகிறது. காலையில் வாரிய இடம் மதியம் மறுபடி மூடியிருக்கும். இதற்கு மருந்து பனி வேலி. வயலில், காற்று வரும் திசையில், இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்த வேலி போடுகிறார்கள். சுவர் போல முழுக்க அடைத்த வேலியை விடப் பாதி அடைத்துப் பாதி திறந்த வேலியே நன்றாக வேலை செய்கிறது. அதனூடே வரும் காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த பனியை வேலிக்குப் பின்னால் இறக்கி வைத்துவிடுகிறது. அந்தக் குவியல் வேலியின் உயரத்தைப் போல் சுமார் 35 மடங்கு தூரம் வரை நீளும். அதனால் 4 அடி வேலியைச் சாலையிலிருந்து 140 அடியாவது தள்ளிப் போட வேண்டும். ஆர்வத்தில் சாலையோரமாகவே போட்டால், பனியைக் கூட்டிக்கொண்டு வந்து சாலையில் கொட்டியது போலாகும்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் தண்டவாளத்தை மணல் மூடும் கதையும் இதுவேதான். அங்கே மணல், இங்கே பனி. காற்றின் குணம் ஒன்றே.

5. எல்லோருக்குமான விளையாட்டுத் திடல்

இனி பேத்தியின் கேள்விக்கு வருவோம். மானிட்டோபாவில் 2013-ல் இயற்றிய அணுகல்வசதிச் சட்டப்படி நகராட்சி போன்ற பொது அமைப்புகள், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன தடைகள் உள்ளன, அவற்றை எப்படி நீக்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒன்டாரியோவில், புதிதாக விளையாட்டுத் திடல் கட்டும்போது பொதுமக்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கலந்து பேச வேண்டும் என்பதே விதி. ஆகவே அந்த மகள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், 'உங்கள் அணுகல் திட்டத்தைக் காட்டுங்கள்' என்று கேட்கலாம். அது உரிமை; தயவு அல்ல.

நல்ல திடலுக்கு என்ன அடையாளம்? நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது தரை. சக்கரம் உருள, தரை உறுதியாக இருக்க வேண்டும்; குழந்தை விழுந்தால் அடிபடாமலிருக்க, மெத்தென்றும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். மணலும் உருண்டைக் கூழாங்கல்லும் அடியைத் தாங்கும், சக்கரத்தை விடாது. சிமென்ட் சக்கரத்தை விடும், தலையை உடைக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளவை, வார்த்துப் பரப்பிய ரப்பர்த் தரையும், நார்நாராகச் சீவி இறுக்கிய மரத்தூள் தரையும். தரையைச் சோதிக்க, தலை போன்ற உலோக உருண்டையைப் போட்டு, அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல் 200 மடங்கைத் தாண்டுகிறதா என்று அளக்கிறார்கள். தலைக்காய அளவு என்று இன்னொன்றும் உண்டு. அது 1000-ஐத் தாண்டக் கூடாது.

இரண்டாவது சரிவு. சக்கர நாற்காலிச் சரிவுக்குப் பல நாடுகளில் சொல்லும் எல்லை 12-க்கு 1. அதாவது ஓரடி ஏற 12 அடி நீளம். பலரும் இதை நல்ல சரிவு என்று நினைக்கிறார்கள். ரயில்வேக்காரனைக் கேளுங்கள்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயில் பாதையின் செங்குத்தான இடங்களும் ஏறத்தாழ இதே சரிவுதான். அங்கே எஞ்சினே பற்சக்கரம் வைத்துக்கொண்டுதான் ஏறுகிறது. ஒரு குழந்தையின் கை தானே தள்ளி ஏற, 20-க்கு 1 இருந்தால் நல்லது. 15 சென்டிமீட்டர்ப் படி ஒன்றுக்கு மாற்றாக, முதல் கணக்கில் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டாம் கணக்கில் 3 மீட்டர். அந்த 1.2 மீட்டர் இடத்தில்தான், ஒருவர் தள்ளிப் போவதற்கும் தானே போவதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாவது, நாற்காலியிலிருந்து மாறி உட்காரும் மேடை. குழந்தை தன் கை பலத்தால் நாற்காலியை விட்டு மேடைக்கு நகர்ந்து, அங்கிருந்து சறுக்குமரத்துக்குப் போகும். அமெரிக்க விதியில் இதன் உயரம் 11 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குள். சறுக்கிக் கீழே வந்த பின் நாற்காலி எங்கே இருக்கும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஒருவழிப் பாதை.

நான்காவது, பலவகைக் குழந்தைகள். முதுகு சாய்ந்த ஊஞ்சல், தொட்டால் ஒலிக்கும் மணிப் பலகை, கூச்சலில் தவிக்கும் குழந்தை ஒதுங்கி உட்கார ஒரு மறைவு. காதுக்குள் செவிக் கருவி பொருத்திய குழந்தைக்கு, பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் உண்டாகும் நிலைமின்சாரம் சிலவகைக் கருவிகளைப் பாதிக்கலாம். ஆகவே உருளைச் சறுக்கோ உலோகச் சறுக்கோ ஒன்றாவது இருப்பது நல்லது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான விதி: கம்பிகளின் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கும் அளவு அது.

6. பனியில் திடல்

சாலைப் பாடமும் திடல் பாடமும் இங்கே ஒன்று சேர்கின்றன.

மரத்தூள் தரையும் மணலும் உறைந்துவிட்டால் கல் போலாகிவிடும். கோடையில் தாங்கிய தரை குளிரில் தாங்காது. ஆகவே தரை உறைந்திருந்தால் உயரமான ஏணி, சறுக்குமரம் வேண்டாம். தாழ்வான விளையாட்டோ பனிக்குவியலில் சறுக்குவதோ போதும். கழுத்துத் துணியும் கோட்டுக் கயிறும் சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும். அதனால் தொங்காத கழுத்துறை போட்டுவிட வேண்டும்.

சரிவுக் கணக்கை மறுபடி எடுங்கள். பனிக்கட்டியின் உராய்வு எண் 0.1 என்றோம், 12-க்கு 1 சரிவு என்பது 0.083. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சற்று உருகி ஈரமானால் அதுவும் போய்விடும். நாற்காலியைத் தள்ளும் தாயே வழுக்கி விழுவாள். 20-க்கு 1 என்றால் 0.05, மணலும் தூவினால் நிற்கலாம்.

கடைசியாக ஒன்று. சாலையைச் சுத்தம் செய்யும் கலப்பை வண்டி பனியை ஓரத்தில் வரப்பாக ஒதுக்குகிறது. அந்த வரப்பு எங்கே விழுகிறது? நடைபாதையின் இறக்கத்தில், மாற்றுத்திறனாளிகளின் கார் நிற்கும் இடத்தில், பள்ளிப் பேருந்துக்குக் குழந்தை காத்திருக்கும் மூலையில். சாலை திறந்தது, அவளுக்கு மூடியது. பெரிய வரப்புக்குப் பின்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஆகவே நகராட்சியிடம் கேட்க வேண்டியது 'எப்போது வாருவீர்கள்?' என்பது மட்டுமல்ல. 'வாரியதை எங்கே குவிப்பீர்கள்?' என்பதும்தான்.

7. நம் ஊருக்கு வருவோம்

இதையெல்லாம் எழுதும்போது என் மனத்தில் ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது. நான் பணியில் இருந்த காலத்தில், ஒரு சிறிய நிலையத்தில் நடைமேடைக்கு ஏறும் பழைய சரிவை இடித்துவிட்டுப் படி கட்டினோம். இடம் மிச்சம், செலவும் மிச்சம். வரைபடத்தில் நானும் கையெழுத்திட்டேன். சில மாதம் கழித்து ஆய்வுக்குப் போனபோது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறுவதைப் பார்த்தேன். ஏழு படிகள். மேலே வந்து மூச்சு வாங்கி நின்றாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்துவிட்டது. 2021-ல் கட்டட, பொது இட வழிகாட்டி விதிகளும் திருத்தி வெளியாயின. சட்டத்தில் குறையில்லை. ஆனால் நம் சங்கத்துக் குழந்தைகள் மாலையில் விளையாடும் பூங்காவின் வாசலைப் பாருங்கள். மாடு நுழையாமலிருக்கச் சுழல் கதவு வைத்திருக்கிறார்கள். மாடு நுழையவில்லை, சக்கர நாற்காலியும் நுழையவில்லை. இங்கே பனி விழாது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இறங்கும்போது, அந்த வாசலுக்கு எதிரே சாலையைக் கடக்கும் குழந்தையை ஓட்டுநர் பார்ப்பதற்குள் கார் வந்துவிடும். நிற்கும் தூரக் கணக்கு இங்கும் அதேதான். ரயில்வேயில் மூடுபனி நாட்களில் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னதாகவே தண்டவாளத்தில் வெடியை வைத்து ஓட்டுநரை எச்சரிப்போம். எச்சரிக்கை ஆபத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதே அதன் தத்துவம். பூங்கா வாசலுக்கு நூறு மீட்டர் முன்னால் ஒரு வேகத்தடையும் ஒளிரும் பலகையும் கேட்பது பேராசை ஆகாது.

வாசகர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். அடுத்த ஞாயிறன்று ஓர் அளவு நாடாவுடன் உங்கள் வீட்டருகே உள்ள பூங்காவுக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

1. வாசலின் அகலம் என்ன? 90 சென்டிமீட்டராவது இருக்கிறதா?
2. வாசலில் படி எத்தனை? உயரம் எவ்வளவு? அதைப் பன்னிரண்டாலும் இருபதாலும் பெருக்கி, சரிவுக்கு இடமிருக்கிறதா பாருங்கள்.
3. ஊஞ்சல் வரை சக்கரம் போகுமா? வழியில் மணலா, சேறா?
4. கம்பி இடைவெளி எத்தனை அங்குலம்?
5. வாசலில் நின்று பார்த்தால் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது?

இவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மாநகராட்சிக்கு மனு எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வரைபடம் போடவும் எனக்கு இன்னும் கை நடுங்கவில்லை.

நண்பரின் மகளுக்கு நான் எழுதி அனுப்பியது ஐந்து கேள்விகள்தான்: வாசல் சாலை யாருடையது? எத்தனை மணி நேரத்தில் வாருவீர்கள்? வாரியதை எங்கே குவிப்பீர்கள்? பள்ளிப் பேருந்து நாற்காலியை ஏற்றுமா, வாசல் வரை வருமா? அணுகல் திட்டத்தில் திடலுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? பதில் வந்த பிறகு வீட்டைப் பற்றி முடிவு செய்யட்டும் என்றேன். நண்பர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "சார், அவர்கள் கோடை விடுமுறையில் இங்கே வருகிறார்கள். பேத்தியை எந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போவது?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோடைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.